புதுச்சேரியில் அம்மாவின் முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சை: அறுவை அரங்கும் அதற்குப் பின் வந்த ஆறு வாரங்களும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்களுடன் வசிக்கும் என் அம்மாவுக்குச் சென்ற ஆனி மாதம் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இடது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அம்மாவுக்கு வயது 67. ஐந்து மாதம் கழித்து இதை எழுதுகிறேன். முதல் மாதத்தில் எழுதியிருந்தால் கோபத்தில் எழுதியிருப்பேன். மருத்துவமனையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. எங்கள் மருத்துவரே இரண்டு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்கிறார். பெயரைச் சொல்வதைவிட, எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை, நாங்கள் எதைக் கேட்கத் தவறினோம் என்று சொன்னால்தான் படிப்பவருக்குப் பயன் இருக்கும். சுருக்கமாகச் சொல்வதென்றால், அறுவை சிகிச்சை செய்த கைகளுக்கு என் மனமார்ந்த நன்றி. எங்களை வீட்டுக்கு அனுப்பிய விதத்தில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் உண்டு.

அம்மா சத்துணவுக் கூடத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவர். வேலை நேரம் முழுவதும் நின்றுகொண்டும், வீட்டில் இருக்கும்போது தரையில் உட்கார்ந்தும் கழித்த வாழ்க்கை அவருடையது. அருவாமனையின் பலகை மீது ஒரு காலை மடக்கி அழுத்திக்கொண்டு அவர் கறிகாய் நறுக்குவதைத்தான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி உட்கார்ந்தவர் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கத் தொடங்கினார்; பிறகு யாராவது கைகொடுக்க வேண்டியதாயிற்று; பிறகு உட்காருவதையே விட்டுவிட்டார். முடக்கத்தான் கீரை தோசை, தைலம், ஒத்தடம், வலி மாத்திரை என்று எல்லாவற்றையும் பார்த்தோம். கடலூரில் இரண்டு முறை மூட்டுக்குள் ஊசி போட்டுக்கொண்டார். முதல் ஊசி மூன்று மாதம் தாங்கியது, இரண்டாவது மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. கால் வெளிப்புறமாக வளைந்து, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடைவெளி தெரியத் தொடங்கியது. இரவில் வலியால் தூக்கம் கலைந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் புதுச்சேரிக்குப் போவது என்று முடிவு செய்தோம்.

முதல் சந்திப்பிலேயே எனக்கு நம்பிக்கை தந்தது ஒரு சிறு விஷயம். நாங்கள் எடுத்துச்சென்ற எக்ஸ்ரே, அம்மாவைப் படுக்க வைத்து எடுத்தது. மருத்துவர் அதை ஒரு கணம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். நிற்க வைத்து மீண்டும் எடுத்து வரச் சொன்னார். உடலின் பாரம் இறங்கும்போதுதான் எலும்புகளுக்கு இடையே எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பது தெரியும் என்று விளக்கினார். புதிய படத்தில், முழங்காலின் உட்பக்கத்தில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றோடொன்று உட்கார்ந்திருந்தன. பழைய படத்தில் அங்கே ஒரு மெல்லிய இடைவெளி இருப்பதுபோல் தெரிந்தது. அதன் பிறகும் அவர் படத்தை வைத்து முடிவு சொல்லவில்லை. எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இரவில் வலிக்கிறதா, படி எப்படி ஏறுகிறார், கடைசி ஊசி எப்போது போட்டது என்று அம்மாவிடமே கேட்டார். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டு மூன்று மாதம் ஆகாமல் அறுவை சிகிச்சை செய்தால் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு கூடும் என்பதால்தான் அந்தக் கடைசிக் கேள்வி.

மூட்டு மாற்று என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து, முழங்காலை வெட்டி எடுத்துவிட்டு இரும்பு மூட்டு ஒன்றைப் பொருத்துவார்கள் என்றே அம்மா பயந்துகொண்டிருந்தார். மருத்துவர் மேசை மேல் இருந்த மாதிரியை அவர் கையில் கொடுத்தார். இரண்டு எலும்புகளின் முனையிலும் ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகச் சீவி, தேய்ந்த பரப்பை எடுத்துவிட்டு, மேலே கோபால்ட் குரோமியக் கலவையாலான ஒரு கவசத்தையும், கீழே ஒரு உலோகத் தட்டையும் எலும்பு சிமெண்ட் வைத்து ஒட்டி, நடுவில் சவ்வுக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்காலான வட்டு ஒன்றை வைப்பதுதான் இந்தச் சிகிச்சை. சொத்தைப் பல்லைச் சீவி மேலே தொப்பி போடுவதுபோல என்று அவர் சொன்னதும் அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தசைநார்கள் பெரும்பாலும் அம்மாவுடையவைதான். அவற்றை இரண்டு பக்கமும் ஒரே இழுவையில் நிற்கச் செய்வதுதான் அறுவையின் கடினமான பகுதி என்றும், வளைந்த கால் நேராவது அதனால்தான் என்றும் சொன்னார். எங்களுக்காக இருபது நிமிடம் செலவிட்டார். வெளியே கூட்டம் இருந்தும் அவசரப்படுத்தவில்லை.

இன்னொன்றையும் அவர் செய்தார். அதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். அம்மாவின் மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 8.6 விழுக்காடு என்று வந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் செயற்கை மூட்டு வைத்தால் புண் ஆறுவது தாமதமாகும், தொற்று வந்தால் மூட்டையே கழற்ற நேரிடலாம் என்று சொல்லி, தேதியைத் தள்ளிவைத்தார். பல் மருத்துவரிடமும் அனுப்பினார். ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். வாயில் உள்ள கிருமி இரத்தத்தின் வழியாகப் புதிய மூட்டுக்குப் போய் உட்கார முடியும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. இரண்டு மாதம் கழித்து 7.3 என்று வந்த பிறகே தேதி கொடுத்தார். வருகிற நோயாளியைத் திருப்பி அனுப்பத் துணிகிற மருத்துவர் கிடைப்பது எங்கள் அதிர்ஷ்டம்.

மருத்துவரின் அறையில் இருந்த அந்த நிதானம் அடுத்த அறையில் இல்லை. அங்கே ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் இருந்தவர், இரண்டு முழங்காலையும் ஒரே நாளில் முடித்துவிட்டால் செலவு குறையும் என்றும், ரோபோ உதவியுடன் செய்தால் மூட்டு நீண்ட நாள் உழைக்கும் என்றும் எங்களிடம் மீண்டும் மீண்டும் சொன்னார். ரோபோவுக்குக் கூடுதலாக ஒரு லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். நான் மருத்துவரிடமே திரும்பிப்போய்க் கேட்டேன். ரோபோ, எலும்பைத் திட்டமிட்ட கோணத்தில் துல்லியமாக வெட்ட உதவுகிறது என்றும், அதனால் மூட்டு கூடுதல் ஆண்டுகள் உழைக்கும் என்று உறுதியாகச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை என்றும் அவர் நேர்மையாகச் சொன்னார். இரண்டு காலையும் சேர்த்துச் செய்வது உடல் திடமாக உள்ள சிலருக்குப் பொருந்தும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள அம்மாவுக்கு வேண்டாம் என்றார். ஒரே மருத்துவமனையின் இரண்டு அறைகளில் இரண்டு விதமான பேச்சு கேட்க நேர்ந்ததை நான் குறையாகவே பதிவு செய்கிறேன். அம்மாவின் வயதில், துணையின்றித் தனியாக வந்த ஒரு முதியவர் அந்த இரண்டாவது அறையிலேயே கையெழுத்துப் போட்டிருப்பார்.

செலவைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். பேக்கேஜ் என்று முதலில் சொன்ன தொகை 1,75,000 ரூபாய். கடைசியில் கட்டியது 2,08,000 ரூபாய். கூடுதல் தொகையில் மருந்தும் ஒரு நாள் கூடுதல் அறை வாடகையும் நியாயமானவை. மற்றவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் முழங்கால் உள்வைப்புகளுக்கு, அதாவது உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டுகளுக்கு, உச்ச விலை விதித்தது. வழக்கமான கோபால்ட் குரோமிய மூட்டுக்கு அன்றைய ஆணைப்படி வரி நீங்கலாக 54,720 ரூபாய், டைட்டானியம் அல்லது ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் வகைக்கு 76,600 ரூபாய். அதற்கு முன்பு ஒரு மூட்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வாங்கினார்கள். உள்வைப்பின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், விலை ஆகியவற்றைப் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்த ஆணையில் உள்ளது. எங்கள் பில்லில் எல்லாம் ஒரே வரியாக இருந்தது. தனியாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி இரண்டு நாள் அலைந்தேன். கொடுத்த பிறகு பார்த்தால் விலை வரம்புக்குள்தான் இருந்தது. சரியாக வாங்கியதை மறைத்து வைப்பானேன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. மூட்டின் பெட்டியில் வரும் ஸ்டிக்கர்களை அம்மாவின் கோப்பில் ஒட்டச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பத்து, இருபது ஆண்டு கழித்து வேறொரு மருத்துவர் அந்தக் காலைத் திறக்க நேர்ந்தால், உள்ளே என்ன அளவு, என்ன வகை இருக்கிறது என்று சொல்வது அந்தத் துண்டுத்தாள்கள்தான்.

இவ்வளவு செலவு செய்ய இயலாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையிலும் மூட்டு மாற்று சிகிச்சை செய்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் கடலூர்க்காரர்கள், புதுச்சேரி தனி ஒன்றியப் பிரதேசம் என்பதை நினைவில் வைத்து, தாங்கள் போகும் மருத்துவமனை அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ளதா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறுவை சிகிச்சை நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நல்லபடியாக நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் மருத்துவர் வெளியே வந்து என்னிடம் பேசினார். தொடையில் தனியாக ஒரு நரம்பு ஊசியும் போட்டிருந்ததால் அன்று மாலை அம்மாவுக்கு வலி பெரிதாகத் தெரியவில்லை. மறுநாள் காலையில் வாக்கரைப் பிடித்துக் கதவு வரை நடந்து வந்தார். நேராகிவிட்ட தன் காலைக் குனிந்து பார்த்து, இது என் கால்தானா என்று கேட்டார். ஆனால் இரண்டாம் நாள் இரவு அந்த ஊசியின் வேலை முடிந்ததும் வலி முழு வேகத்துடன் வந்தது. அப்படி வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், ஏதோ தவறாகிவிட்டது என்று நாங்கள் விடிய விடியப் பயந்திருக்க மாட்டோம்.

வார்டில் செவிலியர்கள் கனிவானவர்கள். இருந்தாலும் ஒரு பிழையைச் சொல்லாமல் விட முடியாது. இரவுப் பணிக்கு வந்த ஒருவர், அம்மாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிட்டுப் போனார். அம்மாவுக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. காலையில் வந்த பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்ததும் உருவி எடுத்து, குதிகாலுக்கு அடியில் ஒரு சுருட்டிய துண்டை வைத்தார். முழங்கால் மடங்கிய நிலையிலேயே கிடந்தால் அது முழுதாக நீள்வது நின்றுபோகும். நீளாத காலால் நடப்பவருக்குத் தொடைத் தசை சீக்கிரம் களைத்துவிடும், நொண்டலும் போகாது. இரவிலும் பகலிலும் பணியில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி ஒரே மாதிரி தெரிந்திருக்க வேண்டாமா?

அடுத்த அறையில் பண்ருட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் இருந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. இடுப்பு மூட்டின் பந்துமுனைக்கு இரத்த ஓட்டம் நின்று அந்த எலும்பே நொறுங்கிவிட்டதால் அவருக்கு இடுப்பு மூட்டை மாற்றியிருந்தார்கள். மூன்றாம் நாளே அவர் சிரித்துக்கொண்டு நடந்து போவதைப் பார்த்து, தனக்கு மட்டும் ஏன் இப்படி வலிக்கிறது என்று அம்மா கலங்கினார். இடுப்பு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் அதை மாற்ற வழி கண்டபோதே சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. அந்த மூட்டு சரியாக உட்கார்ந்துவிட்டால் நடை தானாகவே திரும்புகிறது. அதற்கு விதிக்கும் கட்டுப்பாடுகள் வேறு. தாழ்வான இருக்கையில் உட்காராதே, காலின் மேல் கால் போடாதே, குனிந்து கீழே விழுந்ததை எடுக்காதே என்று அந்த இளைஞரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், மூட்டு கழன்றுவிடக் கூடாது என்பதற்காக. முழங்காலில் அப்படியில்லை. அது மடங்கவும் நீளவும் நோயாளியே உழைக்க வேண்டும், அதுவும் வலி இருக்கும்போதே.

நான் வருந்துவதெல்லாம் இதைப் பற்றித்தான். நான்காம் நாள் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்தது மருந்துச் சீட்டும், பயிற்சிகள் அச்சிட்ட ஒரு தாளும். அந்தத் தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. என் அம்மா தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். ஆனால் அந்தத் தாளில் அவருக்குப் புரிந்தது படங்கள் மட்டும்தான், அவையும் நகலெடுத்து நகலெடுத்துக் கறுத்துப்போயிருந்தன. யார் வந்து பயிற்சி கொடுப்பார்கள் என்று கேட்டபோது, உங்கள் ஊரில் யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வாடகைக் காரில் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி அம்மாவை உட்கார வைத்து, மரப்பாலம், அரியாங்குப்பம், தவளக்குப்பம் என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் பல்லைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெண்ணையாற்றுப் பாலம் ஏறியபோதுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்து முதல் பத்து நாள் பயிற்சி என்று பெயருக்குத்தான் நடந்தது. வலிக்கிறதே என்று அம்மா நிறுத்தினார். வலித்தால் நிறுத்த வேண்டும் என்று நானும் நினைத்தேன். பதினான்காம் நாள் தையல் பிரிக்கப் போனபோது கால் 60 பாகைதான் மடங்கியது. முழுதாக நீளவும் இல்லை, பத்துப் பாகை மிச்சம் இருந்தது. மருத்துவரின் முகம் மாறியதைக் கவனித்தேன். இரண்டு வாரத்தில் 90 பாகையை எட்டியிருக்க வேண்டும். இப்படியே போனால் உள்ளே தழும்பு இறுகிவிடும், பிறகு மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டி வரும் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அதை நான்காம் நாளே, தமிழில், அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று மாலையே கடலூரில் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் பிசியோதெரபிஸ்டை, எங்கள் தெருவில் பக்கவாதத்திலிருந்து மீண்ட ஒருவர் மூலமாகக் கண்டுபிடித்தோம். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் அவர் காலைத் தொடவே இல்லை. அம்மாவின் வலி மாத்திரை நேரத்தைக் கேட்டு, தான் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாக மாத்திரை போடும்படி நேரத்தை மாற்றி எழுதினார். பிறகு கட்டிலின் ஓரத்தில் அம்மாவை உட்கார வைத்து, நல்ல காலின் கணுக்காலை அறுவை செய்த காலின் மேல் குறுக்காக வைத்து, அம்மாவே தன் காலைப் பின்னுக்குத் தள்ளும்படி சொல்லிக்கொடுத்தார். அடுத்தவர் மடக்கினால் உடல் இறுகுகிறது, தானே மடக்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியும் என்பது அவர் கணக்கு. பத்து வரை எண்ணி விட வேண்டும். அடுத்த முறை ஒரு விரற்கடை கூடுதலாகப் போக வேண்டும். பயிற்சி நேரத்தில் மட்டும் முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துத் தொடையை இறுக்கி அதை நசுக்குவது, படுத்தபடி காலை நேராகத் தூக்குவது, குதிகாலை மெத்தையில் இழுத்து மடக்குவது, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது என்று நாளுக்கு நான்கு வேளை. கடைசிப் பயிற்சி, கெண்டைக்காலில் இரத்தம் உறையாமல் இருப்பதற்கும் சேர்த்து. முடிந்ததும் துணி சுற்றிய ஐஸ் பொதி இருபது நிமிடம்.

நான் அந்த ஆங்கிலத் தாளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். பக்கத்தில் தினமும் பாகையைக் குறித்தோம். 60, 64, 70, 70, 68, 75 என்று ஏறியும் இறங்கியும் போனது. இறங்கிய நாட்களில் அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். ஆறாம் வார முடிவில் 102 வந்தது, காலும் நேராக நீண்டது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்த அன்று, அம்மா என்னைக் கூப்பிடவில்லை. எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்து, பிறகுதான் சொன்னார். இன்று 115 பாகை. அந்தப் பெண்ணுக்கு நாங்கள் கொடுத்தது ஒரு வருகைக்கு 500 ரூபாய், மொத்தம் இருபத்தாறு வருகை. இரண்டு லட்சம் கொடுத்து வாங்கிய மூட்டை மடங்க வைத்தது அந்தப் பதின்மூன்றாயிரம்தான்.

யாரும் சொல்லாததால் நாங்கள் வீணாகப் பயந்தவை வேறு சில. தழும்பின் வெளிப்புறத்தில் உள்ளங்கை அளவுக்குத் தோல் மரத்துப்போயிருக்கிறது. அங்கே ஓடும் ஒரு சிறு தோல்நரம்பு வெட்டுப்படுவது இந்த அறுவையில் வழக்கம், ஆபத்தில்லை. நடக்கும்போது உள்ளே டக் டக் என்று ஒலி வருகிறது. அது உலோகமும் பாலிஎத்திலீனும் தொட்டுக்கொள்வது. நான்கு மாதம் வரை முழங்கால் மற்றதைவிடச் சூடாக இருந்தது. ஆனால் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

வீட்டிலும் சிலவற்றை மாற்றினோம். கழிப்பறையை மேற்கத்திய வகைக்கு மாற்றியதை அறுவைக்கு முன்பே செய்து முடித்தது நல்லதாயிற்று. அருவாமனை பரண் மேல் ஏறிவிட்டது. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து கத்தியால் நறுக்க அம்மா இன்னும் முழுதாகப் பழகவில்லை. வெண்டைக்காய் ஒரே அளவாக வரவில்லை என்று தினமும் குறைப்படுகிறார். சம்மணமிட்டு உட்காருவதும் குத்துக்காலிட்டு உட்காருவதும் இனி இல்லை என்று முன்பே மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிகிச்சையை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேனா என்றால், மாட்டேன். மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை முழு மனநிறைவு அடைவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. வலி மாத்திரையும் பயிற்சியும் எடைக் குறைப்பும் இன்னும் பலன் தருகிறவர்களுக்கு அவசரமில்லை. மற்றபடி மூட்டின் ஆயுளை எண்ணித் தயங்க வேண்டியதில்லை. மூட்டு மாற்றுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த ஆய்வில், முழு முழங்கால் மூட்டுகளில் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நிலைத்திருந்தன. இடுப்பு மூட்டில் அது 58 விழுக்காடு. அம்மாவின் வயதுக்கு அது போதும்.

வலது முழங்காலையும் செய்துகொள்வது என்று போன வாரம் அம்மாவே முடிவு செய்தார்; தை பிறந்ததும் தேதி. அதே மருத்துவர், அதே மருத்துவமனை. ஆனால் இந்த முறை ஒருங்கிணைப்பாளரின் அறைக்குள் நாங்கள் போகவில்லை. உள்வைப்பின் விலையை எழுத்தில் வாங்கிவிட்டோம். நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கடலூரில் எங்கள் வீட்டில் இருக்கும்படி அந்தப் பிசியோதெரபிஸ்டிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம். அடுப்படிச் சுவரில் இருக்கும் பழைய தாளைக் கிழிக்க அம்மா விடவில்லை. அதன் பக்கத்தில் வலது கால் என்று தலைப்பிட்டு வெற்றுத்தாள் ஒன்றைத் தானே ஒட்டி வைத்திருக்கிறார்.